ஒதுக்குப் பெட்டியில் எங்கள் ஊர்

1

எருமப்பட்டிப் பக்கத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் இன்று இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் என்கிற கணக்கு எந்திரத்துக்குத் தினமும் தீனி போடுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நாமக்கல்லில் லாரிக் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு கப்பலில் எஞ்சின் அறை, பிறகு இங்கே கம்பளி மில், அதற்கப்புறம் இந்த எந்திர அறை. யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்து இந்த எந்திரத்தைத் தொட்டவன் எனக்கு முன்னால் ஒருவன் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், எழுதுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த அறைக்கு வேலைக்கு வந்து இன்றோடு ஏழு வருஷம். காலையில் கூட வேலை செய்கிறவர்கள் கேக் வைத்து டீ கொடுத்தார்கள். கேக்கை நான் வாயில் வைத்த நேரம், கணக்கு அட்டைகளில் துளை போடுகிற பெண்களில் ஒருத்தி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். சேலம் ஜில்லாவில் வீடு வீடாக இரண்டாம் முறை எடுத்த மாடு, கிணற்றுக் கணக்கு. அதற்குத்தான் நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். மீதிக் கேக்கைத் தட்டில் வைத்தேன்.

அட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையை விடச் சற்று நீளமான கெட்டிக் காகிதம். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. மாடு எத்தனை என்ற கேள்விக்கு ஒரு கட்டம். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்பதற்கு அடுத்த கட்டங்கள். மாடு மூன்று என்றால் மூன்றின் மேல் துளை விழும். மாடே இல்லை என்றால் சைபரின் மேல் துளை விழும். பதிலே சொல்லவில்லை என்றால் துளையே இருக்காது. இந்தக் கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் நல்லுசாமியின் பிழைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டது.

2

இந்தக் கணக்கெடுப்பு எங்கள் ஊருக்குப் போனதற்குக் காரணமே நான்தான். இதில் அடக்கம் எனக்குத் தெரியாது.

எங்கள் துறைத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். நான் மனதுக்குள் துரைசானி என்றுதான் கூப்பிடுவேன். வெளிதேசத்து உதவிச் சங்கம் ஒன்று தென்னாட்டு வறண்ட பூமியில் சில ஊர்களுக்கு மின்சாரக் கம்பியும் மோட்டார் பம்பும் கொடுக்க இருந்தது. எந்த ஊர் என்று முடிவு செய்யப் புள்ளிவிவரம் வேண்டும். தண்ணீர் ஊறும் கிணறும் உழைக்கும் மாடும் எங்கே அதிகமோ அங்கே முதலில் கம்பி. வறண்ட கிணற்றில் மோட்டார் வைத்து என்ன பயன் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் நியாயம்தான்.

துரைசானி தேசப்படத்தை விரித்து வைத்திருந்தபோது நான் அட்டைப் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். நின்றேன். "அம்மா, இதோ இங்கே என் ஊர். வீட்டுக்கு ஒரு கிணறு. கோடையிலும் தண்ணீர் நிற்கும். எங்கள் மாட்டைப் பார்த்தால் உங்கள் குதிரை வெட்கப்படும்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் பென்சிலால் எங்கள் பக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். இப்படி எத்தனை பேரால் ஊருக்குச் செய்ய முடியும்?

அண்ணனுக்கு ஒரு ஜோடி காளை, பசு இரண்டு, கிடாரி ஒன்று. காளையைப் பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைப்பார். மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். அண்ணன் வடத்தின் மேல் உட்கார்ந்து மாட்டோடு இறங்குவார், பிறகு பின்னால் நடந்து ஏறுவார். விடிவதற்கு முன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதுதான். அவருக்கு இடுப்பு போய்விட்டது. மகன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மோட்டார் வந்தால் கடலைக்காடு பிழைக்கும், அண்ணனும் பிழைப்பார். வராவிட்டால் காட்டை விட வேண்டியதுதான். காட்டை விட்டால் அவர் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

3

அந்த மகள் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்த சமயத்திலேயே கணக்கெடுக்கிற பையன் வந்தான். சேலம் காலேஜில் படிக்கிறவன், சைக்கிளில் அச்சடித்த தாள்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. இவன் எழுதுகிற தாள் கடல் தாண்டி என் கைக்கு வரப் போகிறது!

"ஏனுங்க பெரியவரே, மாடு எத்தனைங்க?" என்று கேட்டான்.

அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். "ஏதோ இருக்குதுங்க சாமி."

"எத்தனைன்னு சொல்லுங்க."

"அதென்னுங்க, சாமி புண்ணியத்துல ஏதோ இருக்குதுங்க."

அந்த நேரம் பார்த்துக் கட்டுத்தரையில் காளை கத்தியது. பையன் எட்டிப் பார்த்தான்.

"அது பக்கத்துத் தோட்டத்து மாடுங்க" என்றார் அண்ணன், முகத்தில் சலனமே இல்லாமல்.

"இங்க சாணி கெடக்குதே?"

"அப்ப அந்தச் சாணியக் கேட்டு எழுதிக்குங்க சாமி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டான். "தண்ணி கெணத்துக்குள்ளதானுங்க இருக்குது, நானா உள்ள எறங்கி அளந்தேன்?" என்றுவிட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. மாட்டையும் ஆட்டையும் எண்ணி வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும். களத்தில் தானியம் அளக்கும்போது கூட முதல் படியை 'ஒண்ணு' என்று யாரும் சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். முன்னொரு தடவை யாரோ ஒரு அதிகாரி வந்து பட்டியில் மாட்டை விரல் நீட்டி எண்ணிவிட்டுப் போன மறுமாதமே கோமாரி வந்து பாதி மாடு சாய்ந்தது. அதைப் பார்த்த கண்கள் அண்ணனுடையவை. எங்கள் குடும்பத்தில் உள்ளதைச் சொல்லிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான்.

அப்போது வேலியோரம் நின்ற சின்னான் தானாக முன்னால் வந்தான். அண்ணன் காட்டில் கூலிக்கு வருகிறவன். "எனக்கு என்னுங்க பயம்? மாடும் இல்ல, கெணறும் இல்ல. ரெண்டு எடத்துலயும் நல்லாப் பெருசா சைபர் போட்டுக்குங்க தம்பி. கண்ணு பட எங்கிட்ட என்ன இருக்குது?"

பையன் எழுதிக்கொண்டான். அன்று முழுக்க அவனுக்குத் தெளிவாகப் பதில் சொன்னவர்கள் சின்னானும் சின்னானைப் போன்றவர்களும்தான்.

"கருப்பா, உன்ற மிசினுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க அண்ணா" என்றேன்.

4

ஃபோர்ட்ரான் என்று ஒரு பாஷை இருக்கிறது. மனிதர் யாரும் வீட்டில் பேசுவதில்லை, எந்திரத்திடம் பேசுவதற்கென்றே செய்தது. ஏழாவது கட்டத்தில்தான் வாக்கியம் தொடங்க வேண்டும். ஒரு கட்டம் தள்ளிப் போனால் சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் மகன் செல்வராசு அதில் கெட்டிக்காரன். எட்டு வயதில் என்னோடு இங்கே வந்தவன், இப்போது அதே துறையில் புள்ளிவிவர வேலை; கூட்டல், சராசரி, இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் அவன்தான் அந்தப் பாஷையில் எழுதித் தருகிறான். நான் அட்டையை ஏற்றுவேன், அவன் எழுதியது ஓடும். அப்பனும் மகனும் ஒரே எந்திரத்தில்! ஆனால் தமிழ் அவன் வாயில் பெயர்ந்துகொண்டே போகிறது. இங்கே அவனை 'செல்' என்கிறார்கள். அவன் அம்மா பாவாயி கூப்பிட்டால்தான் முழுப்பெயர்.

முதல் கணக்கு அச்சாகி வந்த நாள், நான்தான் காகிதத்தைக் கிழித்தெடுத்தேன். எங்கள் ஊர் வரிசையைத் தேடினேன். மாடு, சராசரி 0.00. கிணற்றுத் தண்ணீர், சராசரி 0.00.

துரைசானி என் தோளுக்கு மேல் பார்த்தாள். "கருப்பண்ணன், குதிரைகளை வெட்கப்பட வைக்கும் மாடுகள் எங்கே?" என்றாள். கேலிதான். ஆனாலும் அன்று நான் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகனைப் பிடித்தேன்.

"இதென்ன சாமி? நம்மூருக்குச் சைபர்னு வருது. என்ற ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"டேட்டா அப்படி இருக்குது அப்பா."

"அட்டையில தொளையே இல்லையே. தொளை இல்லாட்டிச் சொல்லலைன்னுதான அர்த்தம்?"

"ஃபோர்ட்ரான்ல ப்ளாங்க்னா ஸீரோ அப்பா. அது அப்படித்தான் படிக்கும்."

"அப்ப அதுக்குச் சொல்லிக் குடு."

"என்ன சொல்லிக் குடுக்க? உங்க அண்ணன் எத்தனைன்னு சொன்னாரு?"

பெரியப்பா என்று வரவில்லை அவன் வாயில். உங்க அண்ணனாம்.

"ஏதோ இருக்குதுங்கன்னாரு."

"அதை எந்தக் கட்டத்துல பஞ்ச் பண்றது?"

அடுப்படியிலிருந்து பாவாயி, "ஏனுங்க, அவனைப் போட்டுப் புடுங்கி என்ன பண்றீங்க? உங்கண்ணன் வாயில நம்பர் வருமுங்களா? கண்ணாலத்தன்னிக்கு எத்தனை பேருக்கு எலை போடோணும்னு சமையக்காரன் கேட்டதுக்கே 'ஏதோ வருவாங்க'ன்னவருங்க" என்றாள்.

மகன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் இடத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று படிக்கிற ஒரு பாஷையின் கையில் என் அண்ணன் காடு போய் உட்கார்ந்திருக்கிறது.

5

நான் சும்மா விடுகிறவன் இல்லை. மறுநாள் வேலை முடிந்ததும் மகனை எந்திர அறையிலேயே நிறுத்தினேன். அங்கே அட்டைகளைப் பிரிக்க ஒரு எந்திரம் உண்டு. கட்டு அட்டையை மேலே வைத்தால் சடசடவென்று இழுத்து, எந்த எண்ணின் மேல் துளையோ அந்த எண்ணின் பெட்டியில் போடும். துளையே இல்லாத அட்டை போய் விழுவதற்கு ஓரத்தில் ஒரு ஒதுக்குப் பெட்டி.

எங்கள் ஊர் அட்டைகளை மட்டும் எடுத்து ஓட்டினேன். சைபர் பெட்டியில் சின்னானும் அவனைப் போன்றவர்களும் விழுந்தார்கள். மற்றவர் எல்லாரும், கிணறும் கட்டுத்தரையும் உள்ள அத்தனை வீடும், ஒன்றன் மேல் ஒன்றாக ஒதுக்குப் பெட்டியில். எங்கள் ஊரே அங்கே கிடந்தது. அண்ணன் அட்டையை எடுத்து மகன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்தக் கட்டங்கள் வெறிச்சென்றிருந்தன.

அவனுக்கு உறைத்தது. சொல்லாததை இல்லாததாக எடுத்துக்கொள்ளாதே, அந்த அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு மீதிக்குச் சராசரி போடு என்று புரோகிராமை மாற்றினான். வெறுங்கட்டங்களில் எல்லாம் துளை போடுகிற பெண்கள் மைனஸ் ஒன்பது என்று போட்டுத் தந்தார்கள்; 'பதில் இல்லை' என்பதற்கு அதுதான் அடையாளமாம். துரைசானியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியது நான். ஒரு எந்திரத்தின் படிப்பையே மாற்ற வைத்தவன் என்று என்னைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மறுபடி ஓட்டினோம். காகிதம் வந்தது. மாடு 0.00. தண்ணீர் 0.00.

நான் எந்திரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"தட்டாதீங்க அப்பா." மகன் என்னை நாற்காலியில் உட்கார வைத்தான். தமிழைத் தேடித் தேடி மெதுவாகச் சொன்னான். "சொன்னவங்க எல்லாரும் இல்லாதவங்க. இருக்கறவங்க யாரும் சொல்லலை. சொல்லாதவங்களைத் தள்ளிட்டேன். அப்ப மிச்சம் யாரு? இல்லாதவங்க."

"தள்ளுனவங்களுக்கு நீயா ஒரு கணக்குப் போடு."

"எதை வெச்சு?"

"நான் சொல்றேன். அண்ணனுக்குக் காளை ரெண்டு, பசு ரெண்டு, கெடேரி ஒண்ணு."

"அண்ணனுக்குச் சொல்வீங்க. ஊருக்கே சொல்வீங்களா? சொன்னாலும் நீங்க பார்த்தது, அவங்க சொன்னது இல்லையே."

துரைசானியும் அதையே சொன்னாள். நான் சங்கத்துக்கு எழுதச் சொன்னேன். பல்கலைக்கழகத்தின் அட்டவணைப்படிதான் நடப்போம் என்று பதில் வந்தது. பல்கலைக்கழகத்தைக் கேட்டால் முடிவு எடுப்பது சங்கம் என்றார்கள். கடைசியில் துரைசானி ஒரு வழி சொன்னாள். அடுத்த வருஷம் அதே வீடுகளில் இரண்டாம் கணக்கு எடுப்பார்கள். அதில் தெளிவாகப் பதில் வந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்றே அண்ணனுக்கு எழுதினேன். கண்ணாவது மண்ணாவது, அந்தப் பையன் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஊரில் எல்லாரையும் சொல்லச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் கம்பி வராது என்று. காலில் விழுகிற மாதிரி எழுதினேன். நான் யார் காலிலும் விழுந்தவன் அல்ல.

அண்ணன் பதிலில் கடைசி வரி, "ஆகட்டும் பார்ப்போம்." மழை சுமார்தான் என்றும் எழுதியிருந்தார். அதற்கு நான் கவலைப்படவில்லை. காடு நிறையப் பெய்தாலும் அவர் 'சுமார்' என்றுதான் எழுதுவார். அதற்குப் பின் வந்த கடிதங்களிலும் மாடு கன்று பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எப்போதுதான் எழுதியிருக்கிறார்?

6

ஆக, இன்றைக்கு வருவோம். கேக்கை அப்படியே வைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். எங்கள் ஊர்க் கட்டை எடுத்துப் பிரிக்கிற எந்திரத்தில் வைத்தேன். மகனையும் கூப்பிட்டேன்.

சடசடவென்று ஓடி நின்றது. நான் நேராக ஒதுக்குப் பெட்டியைத்தான் பார்த்தேன். காலி. ஒரு அட்டை இல்லை!

"பாத்தியா!" என்று கத்தினேன். அறையே திரும்பியது. "சொல்லிட்டாங்க சாமி! என்ற அண்ணன் வாயத் தொறந்துட்டாரு! ஊரே சொல்லிருச்சு!"

"ஒரு ப்ளாங்க் கூட இல்லை அப்பா. பெர்ஃபெக்ட்" என்றான் அவனும். என் முதுகில் தட்டினான். இந்த நாட்டுக்கு வந்தபின் அவன் என்னை அப்படித் தொட்டதில்லை.

பிறகுதான் மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். ஐந்தாம் எண் பெட்டி காலி. நான்கு காலி. இரண்டும் ஒன்றும் காலி. எல்லா அட்டையும் சைபர் பெட்டியில் இருந்தது. அண்ணனுடையதைத் தேடி எடுத்தேன். மாட்டுக் கட்டத்தில் சைபரின் மேல் ஒரு துளை. தண்ணீர்க் கட்டங்களிலும் அப்படியே. சுத்தமாக, பிசிறு இல்லாமல் விழுந்த துளைகள். அவற்றின் வழியே எந்திரத்தின் சிவப்பு விளக்குத் தெரிந்தது.

மகன் போய் புரோகிராமை ஓட்டினான். முதல் வருஷத்தையும் இரண்டாம் வருஷத்தையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்கிற புரோகிராம் அது. எங்கள் ஊர் வரிசையில் வந்தது இதுதான். சென்ற ஆண்டு 0.00. இந்த ஆண்டு 0.00. மாற்றம் 0.00.

துரைசானிக்குத் திருப்தி. முதல் கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன, எங்கள் ஊர்ப் புள்ளிவிவரம்தான் இந்த ஜில்லாவிலேயே நம்பகமானது என்றாள். அட்டவணை நாளைக் காலை தபாலில் சங்கத்துக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் கடிதம் வந்திருந்தது, கடல் தபாலில் ஆடி அசைந்து. இதையாவது நேரத்துக்கு அனுப்பத் தெரியாத மனிதர். ஊர் வாத்தியாரிடம் சொல்லி எழுத வைத்தது. ஆனால் பேச்சு அவருடையது.

'தம்பி, நீ சொன்ன மாதிரியே அந்தப் பையன் வந்தான். இந்தத் தடவ ஒளிக்கல. கேட்டதும் சொல்லிட்டேன். ரெண்டு மழை பொய்ச்சுதுல்ல, தீவனத்துக்கு வழியில்ல, பசுவையும் கெடேரியையும் சந்தையில தள்ளிட்டேன். காளை ஒண்ணு படுத்துருச்சு, ஒத்தக் காளையை வெச்சு என்ன பண்ண, அதையும் ஓட்டி உட்டுட்டேன். கெணத்துல எறங்குனா காலுக்குத் தூசிதான் ஒட்டுது. ஊரே அப்படித்தான். சின்னான் சொன்னான் பாரு, அதே மாதிரி நானும் ரெண்டு எடத்துலயும் பெருசா சைபர் போட்டுக்கச் சொல்லிட்டேன். இனிக் கண்ணு பட என்ன இருக்குது? கரண்டு எப்ப வரும்னு மட்டும் கேட்டு எழுது.'

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, நான் பெரிய ஆள் என்று உங்களுக்குத் தெரியும். நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரிய ஆளுக்கு இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வெறும் கட்டத்தை எந்திரம் சைபர் என்று படித்தது. அண்ணன் கடிதத்தில் மாடு கன்று பற்றி வெறுமையாக விட்ட இடத்தை, கட்டுத்தரை நிறைய இருக்கிறது என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த எந்திரத்தைத் திருத்தவாவது என் மகன் இருந்தான்.

மகன் மேலே தன் அறைக்குப் போய்விட்டான். போகும்போது படியில் நின்று, "அப்பா, பெரியப்பாவுக்கு என்ன எழுதப் போறீங்க?" என்றான். பெரியப்பா என்றுதான் சொன்னான். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டான்.

பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னுங்க எழுதியிருக்குறாரு? மாடு கண்ணெல்லாம் எப்படி இருக்குதுங்களாம்?"

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஏதோ இருக்குதாம்" என்றேன்.